ஸ்டாச்சு விளையாட்டில் தோற்காத தம்பி

போன் ரிப்பேர் கடையில் தலையைக் குனிந்து வேலை பார்க்கும் உங்கள் சித்தப்பா, அதாவது என் தம்பி, மாத்திரையைத் தவறவிட்டால் வலிப்பு வந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும் மக்களே. சின்ன வயதில் எங்களுக்கு அது தெரியாது. அப்போது அவன் எனக்குப் பெரிய வீரன். 'ஸ்டாச்சு' என்றதும் சிலை மாதிரி அசையாமல் நிற்கும் விளையாட்டில் அவனைத் தோற்கடிக்கப் பாறசாலையிலிருந்து காரோடு ஊர் வரைக்கும் ஆள் கிடையாது.

யாரும் ஸ்டாச்சு சொல்லாமலேகூட நிற்பான். சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும் கை பாதியில் நின்றுவிடும். குளிக்கும்போதும் அப்படித்தான். கண் எங்கேயோ பார்க்கும். கூப்பிட்டால் கேட்காது. பயிற்சி எடுக்கிறான் என்று நினைத்து, யாரும் தொந்தரவு செய்யாமல் நான் காவல் இருப்பேன்.

பிறந்ததிலிருந்தே அவன் முதுகில் இலை மாதிரி வெள்ளைத் திட்டுகள் உண்டு. தேமல் என்று அம்மா என்னென்னவோ தடவினாள், போகவில்லை. பிறகு மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகப் பொடிப் பருக்கள் வந்தன.

ஒரு நாள் எங்கள் தென்னைவிளையில் காரோட்டுப் பையன்களோடு போட்டி. ஓடிக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றான். கை மட்டும் சட்டைப் பொத்தானை நோண்டியது. உதடு எதையோ சப்பியது.

"எலே, கை அசையுது! அவுட்டு!" என்றான் காரோட்டுக்காரன் ஒருத்தன்.

"அது அவன் எப்பவும் செய்யியதாக்கும். அதக் கணக்குல சேக்கப்பிடாது!" என்றேன் நான்.

"முகப்பரு வந்த கிழவனுக்கு நீ வக்கீலாலே? கொண்டுபோயி திருவனந்தபுரம் ஸ்டாச்சு முக்குல, அந்தச் செலை பக்கத்துல நிறுத்து!"

நான் சண்டைக்குப் போவதற்குள் தம்பி விழுந்துவிட்டான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஒருத்தன் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தான். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அறையை இருட்டாக்கி, தம்பியின் முதுகில் ஒரு நீல விளக்கைப் பிடித்தார். நாங்கள் அதுவரை பார்த்திராத திட்டுகள்கூட பளிச்சென்று தெரிந்தன. வயிற்றில் குழந்தை உருவாகும்போது தோலும் மூளையும் ஒரே படலத்திலிருந்துதான் உண்டாகின்றன, அதனால் சில பிறவி நோய்களில் மூளையின் கோளாறைத் தோல் முன்கூட்டியே காட்டிவிடும் என்றார்.

"இதுக்கு முன்னால இப்பிடி வந்ததுண்டா?" என்று கேட்டார்.

"இல்ல சார், இண்ணைக்குத்தான் முதல்ல," என்றாள் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல சார்! விழுந்தது இண்ணைக்குத்தான். ஆனா இவன் தெனமும் நிப்பான்!"

"மோனே, நீ சொல்லு," என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

சொன்னேன். சோறு, குளியல், பொத்தான், உதடு, கூப்பிட்டால் கேட்காத காது, ஒன்றையும் விடவில்லை. டாக்டர் வேகமாக எழுதினார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பியின் திறமையை இத்தனை பெரிய டாக்டரே எழுதி வைக்கிறாரே என்று நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.