பேசாதவர்கள் அவள் பங்குக்கு

என் மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நின்றுபோன லிஃப்டுக்குள் ஒரு தடவை இருந்து பார்த்தால் அந்தச் சிரிப்பு எங்கே போகிறது என்று தெரியும்.

வீட்டில் அவள் பேசமாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். நான் பத்து வார்த்தை பேசினால் ஒரு "ம்" வரும். என் மகன் இருந்தவரைக்கும் அவனிடம் ஏதோ குசுகுசுவென்று பேசுவாள். அவன் போனபிறகு அதுவும் நின்றது. பேத்தி படிக்க வெளியூர் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பேசுகிறவள் நான், கேட்கிறவள் அவள். அவள் கேட்டாளா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

ஆனால் காதில் அந்த ஹெட்போனை மாட்டிவிட்டால் வேறு ஆள். அவள் வேலை பார்த்தது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில். லிஃப்டுக்குள் சிவப்புப் பட்டனை அழுத்தினால் அவர்கள் அறையில் மணி அடிக்கும். அறை நிறையப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் கட்டடம் என்று ஒருத்தி பார்ப்பாள், மெக்கானிக்கை ஒருத்தி பிடிப்பாள், உதிரிப் பாகம் இருக்கிறதா என்று ஒருத்தி தேடுவாள், பில் போட ஒருத்தி. மெக்கானிக் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரோடு யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை எப்போதும் இவளிடம்தான் வந்து விழும். பல் டாக்டர் ஒருவர் மாட்டிக்கொண்டு அழுதாராம். "என் நாற்காலியில உக்கார்றவங்க ஏன் அப்படிப் பாக்கறாங்கன்னு இப்பத்தாம்மா புரியுது" என்றாராம். இதை என்னிடம் அவளாகவே வந்து சொன்னாள். அவள் தானாக வந்து சொன்னவை குறைவு, அதனால் எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

பழைய முதலாளி ஓய்வெடுத்துக்கொள்ள, அவர் மகன் வந்தார். கெட்டவர் இல்லை. வேகமானவர். மனுஷர் செய்கிற வேலைக்கு ஏ.ஐ. ஏஜென்ட், அதாவது தானாக வேலை செய்கிற கம்ப்யூட்டர் ஆள், போடலாம் என்றார். அறையில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தராகக் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஏஜென்டுகளை இணைத்து ஓட்ட ஒரு ஆள் வேண்டுமே, கம்ப்யூட்டரை நோண்டி நோண்டித் தானாகவே கற்றுக்கொண்டவள் இவள் என்பதால் இவளை மட்டும் வைத்துக்கொண்டார். வாடகை அறையையும் விட்டுவிட்டார்கள். ஒரு நாள் காலை ஒரு கறுப்புப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். என் மகனுடைய சட்டைகள் இருந்த அலமாரித் தட்டைக் காலி பண்ணி, அங்கே அதை வைத்தாள்.

"என்ன பொண்ணே இது, நாள் முழுக்க உர்ருங்குது?" என்று மட்டும் மறுநாள் கேட்டேன்.

"இதுதான் அத்தை எங்க ஆபீஸ். சுவத்துல ஒரு பலகை மாட்டி வேலையை எழுதிப் போடுவோம்ல, அந்த மாதிரி. ஏஜென்டுங்க வந்து பாத்து, தனக்குத் தெரிஞ்ச வேலையை எடுத்துக்கும். ஒண்ணு எடுத்தா இன்னொண்ணு அதைத் தொடாது. முடிச்சதும் முடிச்சேன்னு சொல்லும். உடனே அடுத்த வேலை திறக்கும்."

"எடுத்துட்டு ஒண்ணு தூங்கிடுச்சுன்னா?"

"அப்பப்ப இருக்கேன் இருக்கேன்னு குரல் குடுத்துக்கிட்டே இருக்கணும். குடுக்கலைன்னா பலகை அந்த வேலையைப் பிடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துடும்."

"உன்னை மாதிரி ஆளுங்க பொழைக்க முடியாது அங்கே" என்றேன். அவள் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

இந்தப் பலகையை வெளியே எவனிடமாவது வாடகைக்கு எடுக்கலாமாம், சுலபமாம். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. யார் எந்த வீட்டில் இருக்கிறார், கீழ்க்கதவின் ரகசிய எண் என்ன, எந்தக் கட்டடத்தில் கிழவி தனியாக இருக்கிறாள், எல்லாம் அதில் ஏறும். அதையெல்லாம் முன்பின் தெரியாதவன் வீட்டில் கொண்டுபோய் வைக்கக்கூடாது, நம் பெட்டியில் நம் கண்முன்னே இருக்கட்டும் என்றாள். எனக்கு அது சரியாகப் பட்டது.

ஒவ்வொரு ஏஜென்டையும் இணைக்க நாட்கணக்கில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி. உனக்கு இன்னது தெரியும், இன்னதைத் தொடாதே என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பாகம் தேடுகிறதுக்குப் பில் போடும் சாவி கிடையாது. பில் போடுகிறதுக்குக் கதவு எண் தெரியாது. ஏஜென்ட் என்கிற வார்த்தை என் வாயில் நிற்காது, நான் எடுபிடி என்றே சொல்வேன். "எடுபிடி இல்லை அத்தை" என்று கொஞ்ச நாள் திருத்திப் பார்த்தாள். நான் விடவில்லை. அப்புறம் அவளே "அந்தப் பில் எடுபிடி இன்னிக்கு மக்கர் பண்ணுது" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

எனக்கு எழுத்து தெரியாது, நிறம் தெரியும். திரையில் ஆரஞ்சு என்றால் எடுக்க ஆளில்லாமல் காத்திருக்கும் வேலை. பச்சை என்றால் யாரோ எடுத்துவிட்டார்கள். எல்லா வேலையும் வந்த வேகத்தில் பச்சையாகிவிடும். ஒரே ஒரு வேலை மட்டும் ஆரஞ்சாகவே நிற்கும்: உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பது. எந்த எடுபிடிக்கும் அது தெரியாது. அதனால் தன்னையும் ஒரு ஆளாக அந்தப் பலகையில் சேர்த்துக்கொண்டாள். தனக்கும் ஒரு சாவி போட்டுக்கொண்டாள். ஆரஞ்சு தெரிந்ததும் ஓடிப்போய் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். "பயப்படாதீங்க, நான் இருக்கேன். உங்க கையில என்ன பை? என்ன வாங்கிட்டு வந்தீங்க?" ஐஸ்கிரீம் உருகுகிறதே என்று ஒரு அம்மா புலம்ப, "உருகறதுக்கு முன்னாடி நீங்களே சாப்பிட்டுடுங்க, வீட்ல யார் கேக்கப் போறா" என்று இவள் சொன்னதைச் சமையலறையில் இருந்து கேட்டேன். எனக்கே பொறாமையாக இருந்தது. என்னோடு இப்படி ஒரு நாள் பேசியிருப்பாளா.

பிறகு முதலாளியின் போன் வந்தது. பேசுகிற ஏஜென்டும் வந்துவிட்டதாம். அதையும் இணைத்துவிடுங்கள் அக்கா என்றாராம்.

சாப்பிட்ட தட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"அதை இணைச்சிட்டா உனக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டேன்.

"பலகையில தூசி தட்டற வேலை."

"இணைக்காதே. கை வலிக்குதுன்னு சொல்லு. கண்ணு தெரியலைன்னு சொல்லு."

"நான் இணைக்கலைன்னா வேற யாராவது இணைப்பாங்க அத்தை. அவங்க எப்படி இணைப்பாங்களோ."

இணைத்தாள். அதற்கு இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தாள். நீ மனுஷியா என்று உள்ளே இருப்பவர் கேட்டால் இல்லை என்று உண்மையைச் சொல்ல வேண்டும். மனுஷர்தான் வேண்டும் என்று கேட்டால் வேலையைத் திரும்பப் பலகையில் வைத்துவிட வேண்டும். யாரும் கேட்கப்போவதில்லை என்றாராம் முதலாளி. அவர் சொன்னது சரியாகப் போயிற்று. யாரும் கேட்கவில்லை.

ஆரஞ்சு வரும். இவள் கை எடுப்பதற்குள் பச்சையாகிவிடும். எலி வளைக்கு முன்னால் பூனை மாதிரி உட்கார்ந்திருப்பாள், ஒன்றும் கிடைக்காது. பிறகு அது பேசினதைப் போட்டுக் கேட்பாள்.

"எப்படிப் பேசுது?"

"நல்லா பேசுது அத்தை. என்னைவிடப் பொறுமை. அந்த அம்மா ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்றாங்க, ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்கற மாதிரி கேக்குது."

"மனுஷங்க இருக்கற இடமாப் பாத்து வேலைக்குப் போ. கடையில பில் போடு. பள்ளிக்கூடத்துல மணி அடி."

"ம்" என்றாள். பழைய "ம்" திரும்பி வந்துவிட்டது. முன்பாவது நாளுக்கு ஒரு தடவை அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். இப்போது பெட்டியின் உர் சத்தம் மட்டும். அவள் குரல் எப்படி இருக்கும் என்று மறந்துவிடுவேனோ என்று பயம் வந்தது. சும்மா ஏதாவது கேட்பேன், உப்பு எங்கே என்று. உப்பு என் கையில்தான் இருக்கும்.

அப்படி ஒரு மத்தியானம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அறையில் நாற்காலி தடதடவென்று நகர்ந்தது. எட்டிப் பார்த்தால் திரையில் ஆரஞ்சு. பச்சையாகி, மறுபடி ஆரஞ்சாகி, அப்படியே நிற்கிறது. ஏதோ ஆபீஸ் கட்டடத்தில் ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். பட்டனை அழுத்தினார், வாயைத் திறக்கவில்லை. இருக்கீங்களா, இருக்கீங்களா என்று எடுபிடி கேட்டுக்கேட்டுப் பார்த்து, லைன் செத்துவிட்டது என்று நினைத்து வேலையைத் திரும்ப வைத்துவிட்டது.

இவள் எடுத்தாள். "நான் இருக்கேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஆண் குரல். சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்திருந்தாள், நானே கேட்டேன்.

"தயவு செஞ்சு பேசாதீங்க. ஆனா வெச்சுடாதீங்க."

அவ்வளவுதான். இவள் பேசவில்லை. அவரும் பேசவில்லை. மூச்சு விடுகிறது மட்டும் கேட்டது, முதலில் வேகமாக, பிறகு கொஞ்சம் மெதுவாக. நான் போய் மிச்சப் பாத்திரத்தை உருட்டினேன். சத்தம் போடாதீங்க என்று இவள் அறைக்குள்ளிருந்து கையை ஆட்டினாள். கையிலிருந்த சட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஆள் சொன்னார்: "பாத்திரம் கழுவறாங்களே, அவங்களை நிறுத்தச் சொல்லாதீங்க."

நான் கழுவினேன். மெக்கானிக் போய்க் கதவைத் திறந்ததும் லைன் அறுந்தது. நன்றி கின்றி ஒன்றும் இல்லை. இவள் முடிந்தது என்று தட்டிவிட்டு, ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். ஒரு தட்டைத் துடைத்து வைத்தாள்.

நடந்ததை அவளே முதலாளியிடம் சொன்னாள். மறைக்கத் தெரியாத பிறவி. அவர் யோசித்துவிட்டு, அது சின்ன விஷயம்தானே அக்கா, பேசாமல் இருந்தால் ஏஜென்டும் பேசாமல் காத்திருக்கட்டும், எவ்வளவு நேரம் காத்திருக்கணும் என்கிற எண்ணை மட்டும் கூட்டுங்கள் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அந்தப் பாத்திரச் சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்புங்கள், பின்னால் ஓட விடலாம்.

அவள் வந்து இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் கழுவ மாட்டேன்" என்றேன். "போன்ல பிடிக்கறதுக்காக நான் ஏன் கழுவணும்? அவங்க வீட்ல பாத்திரம் இல்லையா?"

சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம். ஆனால் நான் கழுவ மறுத்தாலும் சத்தத்துக்கா பஞ்சம், எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அறைக்குள் போய், மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி தானே அந்தப் பட்டன் லைனில் கூப்பிட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பார்த்தாள். எண்ணைக் கூட்டிவிட்டிருந்தாள். எடுபிடியும் சும்மாவே இருந்தது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"யாரும் இல்லாத மாதிரி இருந்துச்சு அத்தை. யாரும் இல்லைதானே. அதுக்கு மேல பாத்திரச் சத்தத்தை ஓட்டினா, யாரோ இருக்காங்கன்னு அவர் நம்பிடுவாரு. கேட்டா உண்மையைச் சொல்லுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டு, கேக்காதவர்கிட்ட பொய் சொல்லச் சொல்றதா?"

எண்ணைப் பழையபடி குறைத்தாள். முடியாது என்று முதலாளிக்குச் சொல்லிவிட்டாள். அப்படியானால் வேறு ஆளை வைத்து இணைத்துக்கொள்கிறேன் என்றார். பெட்டி அவருடையது. இவளிடம் இருப்பது சாவி மட்டும். அதற்கப்புறம் வாசலில் எந்த வண்டி நின்றாலும் அலமாரியைத் திரும்பிப் பார்ப்பாள்.

அவரே வந்தார். பெட்டியைத் தூக்கிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நான் அலமாரிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "நகருங்க பாட்டி" என்றார். "கால் வலி" என்றேன். நின்றுகொண்டே டீ குடித்தார். பேசாமல் இருந்த அந்த ஆளின் லைன் பதிவை முழுக்கப் போட்டுக் கேட்டாராம். ஒன்றுமே நடக்காத ஒன்றை இவ்வளவு நேரம் ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை அக்கா என்றார். பிறகு, "சரிக்கா. பேசறவங்க அதுக்கு. பேசாதவங்க உங்களுக்கு" என்றார். சம்பளத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

பலகையில் அப்படியே எழுதிவிட்டாள். ஐஸ்கிரீம் அம்மாக்கள், பல் டாக்டர்கள், கதை சொல்கிறவர்கள் எல்லாம் எடுபிடிக்குப் போகிறார்கள். வாயைத் திறக்காதவர்கள் மட்டும் இவளுக்கு. வேலை போகவில்லை. பேசிப் பேசிச் சிரித்த வேலை போய்விட்டது.

எப்போதோ ஒன்று வருகிறது. வந்தால் முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். முடிந்ததும் அவரைப் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. பேர் தெரியாது, கையில் என்ன பை என்று தெரியாது. "பாவம்" என்பாள், அல்லது "இன்னிக்கு ஒரு பொம்பளை" என்பாள்.

இந்த வாரம் ஒன்றும் வரவில்லை. பச்சை, பச்சை, பச்சை. ஆரஞ்சுக்காகத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எந்த லிஃப்டும் நிற்கக்கூடாது, யாரும் உள்ளே மாட்டிக்கொண்டு வாயடைத்துப் போகக்கூடாது என்றுதானே நல்லவர்கள் வேண்டிக்கொள்ள வேண்டும். நான் கண்ணை மூடினால் என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.