காற்றை நிறுத்திவைத்த மாமி

விமானம் மூக்கால் தரையைக் குத்தி, இறக்கை வேறு வால் வேறாகப் போனது. ஹம்சா மாமி "ராமா" என்று சொல்லிவிட்டு ஆள்காட்டி விரலால் ஒரு பொத்தானைத் தட்டினார். உடைந்த விமானம் புத்தம் புதிதாக ஓடுபாதையில் வந்து நின்றது. சமையலறையில் ரசம் நுரைகட்டும் வாசனை வந்தது. "ஏன்னா, அதைச் சித்த அணைச்சுடுங்கோ. நான் டேக் ஆஃப்ல இருக்கேன்" என்று குரல் கொடுத்தார்.

மாமி வீட்டுக் கூடத்து டி.வி.யில் மனிதர்கள் பேசிப் பல மாதங்கள் ஆகின்றன. சின்ன விமானங்களைக் கன்ட்ரோலர் வைத்து ஓட்டப் பழக்கும் சிமுலேட்டர்தான் அதில் சதா ஓடுகிறது. லேப்டாப்பிலிருந்து டி.வி.க்கு ஒரு வயர், மாமியின் மடியிலிருக்கும் கன்ட்ரோலருக்கு இன்னொரு வயர். அந்த இரண்டு வயர்களையும் தாண்டித்தான் அவர் கணவர் சுந்தரராமன் மயிலாப்பூரில் குடித்தனம் செய்கிறார். கிரிக்கெட்டை அவர் செல்போனில் பார்க்கிறார். அதில் பந்து கடுகளவு தெரியும்.

இந்த வினையைக் கொண்டுவந்தது ஒரு திரைச்சீலை. தியாகராய நகரில் கர்ட்டன் கடை வைத்திருக்கும் வாஜித், மாமி வீட்டு ஜன்னலுக்கு அளவெடுக்க வந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் தான் பிளேன் விடுவதாகச் சொல்லித் தொலைத்தார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி அப்போதுதான் ரிட்டையர் ஆகி, காலைப் பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த மாமி அவரைப் பிடித்துக்கொண்டார். "நெசமா பறக்க வுடணும்னா மொதல்ல கம்ப்யூட்டர்ல நல்லா ஒடைச்சிக்கணும் மாமி. அதுல ஒடைஞ்சா துட்டு போவாது" என்றார் வாஜித். உடைப்பதில் மாமி குறையே வைக்கவில்லை.

பழகப் பழக மாமிக்கு விரல் படிந்தது. கூடவே வேறு சிலதும் படிந்தன. லஸ் முனையில் ஆட்டோ திரும்பினால் மாமியின் கட்டைவிரல் தானாக ஒரு பக்கம் சாயும். பால் பொங்கி வழிந்தால் ஆள்காட்டி விரல் காற்றில் பொத்தானைத் தேடும். விமானம் மேலே ஏறும்போது மாமியும் நாற்காலியில் கொஞ்சம் ஏறுவார்.

ஆனால் இரண்டு சலுகைகளை மாமி தனக்குத்தானே வழங்கிக்கொண்டிருந்தார். சிமுலேட்டரில் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு இடம் உண்டு. அதில் மாமி பூஜ்யம் வைத்தார். வாஜித் கேட்டதற்கு, "ஆத்துல ஃபேன் ஓடறதே, அந்தக் காத்து போறாதா?" என்றார். இரண்டாவது, விமானத்தை எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் இறக்குவார். திரைக்கு இடப்பக்கம் சமையலறை, வலப்பக்கம் ஸ்வாமி ரூம். "கிச்சன் பக்கத்துலேர்ந்து வந்து பெருமாள்கிட்ட நிக்கணும். அதான் லேண்டிங்" என்பார். மறுபக்கத்திலிருந்து இறக்கினால் விரல்களுக்கு வலது இடது குழம்பி, விமானம் மரத்துக்குப் போய்விடும்.

சுந்தரராமன் காத்திருந்தார். மாமி நிஜ விமானத்தை விடப்போகும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிவதற்கு முன்பே பந்தயம் கட்டினார்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுடி. இன்னிக்கு உன் பிளேன் ஒடைஞ்சாலும் சரி, முடியாம வாஜித் கையில கன்ட்ரோலரைக் குடுத்தாலும் சரி, டி.வி. எனக்கு. சாயந்தரம் மேட்ச் இருக்கு."

"முழுசா எறக்கிட்டேன்னா?"

"அடுத்த தீபாவளி வரைக்கும் டி.வி. பக்கமே திரும்பலை."

சொன்னதோடு நில்லாமல், டி.வி. ரிமோட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெற்றி அவ்வளவு நிச்சயம். மாமி, "ஒரே ஒரு தடவை, கடைசியா" என்று சிமுலேட்டரில் உட்கார்ந்தார். அந்தக் கடைசி முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. விடியற்காலையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவர்கள், வாஜித்தின் வேனில் திருப்போரூர்ப் பக்கத்துக் காய்ந்த ஏரிக்குப் போனபோது மற்றவர்கள் விமானங்களை மூட்டை கட்டிவிட்டு வேப்பமர நிழலில் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள்.

ஏரிக்கு நடுவே கிழக்கு மேற்காக ஓடுபாதை போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கம்பு, அதில் காற்றைக் காட்டச் சிவப்பு நாடா. நாடா தொங்கிக்கொண்டிருந்தது. வாஜித் தெர்மோகோல் விமானத்தைக் கையிலெடுத்து வீசிவிட்டார். மாமி கட்டைவிரலால் அதை ஏந்திக்கொண்டார். ஒரு வட்டம், இரண்டு வட்டம். இட்லி தின்றவர்கள் தின்பதை நிறுத்திப் பார்த்தார்கள். சுந்தரராமன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் நாடா எழுந்தது. கிழக்கே கடல் இருக்கிறது. வெயில் ஏறினால் அங்கிருந்து காற்று புறப்படும். மாமி வழக்கம்போல் இடப்பக்கமிருந்து, அதாவது கிழக்கிலிருந்து, விமானத்தை இறக்கக் கொண்டுவந்தார். பின்னாலிருந்து காற்று தள்ள, அது தரையைத் தொடாமலே ஓடுபாதையைத் தாண்டிப் பறந்தது.

"மாமி, காத்து கடல்லேர்ந்து வர்து! அதுக்கு எதிர்க்கக் கொண்டாந்து எறக்கணும். வலதாண்டேர்ந்து வாங்க. பேட்டரி வேற தீர்ந்துகினு கீது" என்றார் வாஜித்.

வலதிலிருந்தா? பெருமாளிடமிருந்து கிச்சனுக்கா? மாமியின் முகம் சுண்டிப்போனது.

"முப்பது வருஷம் கடற்காத்துன்னு போர்டுல அம்புக்குறி போட்டியேடி!" என்றார் சுந்தரராமன், பரம சந்தோஷமாக.

"அது பரீட்சைக்கு வர காத்து. சும்மா இருங்கோ."

கன்ட்ரோலர் பீப் பீப் என்று அலறத் தொடங்கியது. "குடுத்துடுங்க மாமி, நான் எறக்கறேன்" என்று வாஜித் கையை நீட்டினார். கொடுத்தால் தோல்வி. கொடுக்காவிட்டால் மேலே இருப்பது நூறு துண்டாகும். இங்கே பொத்தானும் கிடையாது. மாமிக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அழுகையோடு விமானத்தை இன்னும் உயரே ஏற்றினார். பிறகு, மேலேயே பார்த்தபடி கேட்டார்.

"ஏன்னா, நான் அந்தாண்ட போய் இந்தப் பக்கம் பாத்து நின்னா, மேற்கு எந்தக் கைப்பக்கம் வரும்?"

சுந்தரராமன் கல்யாணமான நாளிலிருந்து மாமி கேட்டதற்கெல்லாம் உடனே பதில் சொல்லிப் பழகிய மனிதர். "இடது" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார். ஓடுபாதையின் குறுக்கே, வானத்தைப் பார்த்தபடி. பாதி வழியில் ஒரு செருப்பு கழன்று அங்கேயே கிடந்தது. "மாமி, இன்னா பண்றீங்க! ரன்வேல யாரும் குறுக்க போவக்கூடாது!" என்று வாஜித் கத்தினார். மாமி ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். இப்போது மேற்கு, கிச்சன் பக்கம். கிழக்கு, பெருமாள் பக்கம்.

விமானம் இடப்பக்கமிருந்து வந்தது. எதிர்க்காற்று அதை மெல்லப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கியது. மாமியும் கூடவே முழங்காலை மடக்கித் தாழ்ந்தார். அது ஒரு குதி குதித்தது, புழுதியில் கொஞ்சம் சறுக்கியது, கழன்று கிடந்த செருப்பில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. ஒரு கீறல் இல்லை.

"இது போங்காட்டம் மாமி! வலதாண்டேர்ந்து எறக்கச் சொன்னா, நீங்க எடத்தையே மாத்தி நிக்கறீங்க!" என்றார் வாஜித். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நீ காத்துக்கு எதிர்க்க எறக்கச் சொன்னே, எறக்கியாச்சு. பிளேன் திரும்பினா என்ன, நான் திரும்பினா என்ன?"

மாமி செருப்பை மாட்டிக்கொண்டார். விமானத்தை எடுத்துப் புழுதியை முந்தானையால் துடைத்தார். சுந்தரராமன் கிழக்கே பார்த்து, கடற்காற்றை மிகவும் ரசிப்பவர்போல நின்றுகொண்டிருந்தார். மாமி விமானத்தை இடுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார். முகத்தைத் திருப்பாமல், தானும் கிழக்கே பார்த்தபடியே, அவருடைய சட்டைப் பைக்கு நேரே உள்ளங்கையை விரித்து நீட்டினார்.