முட்டி போடவே கை தூக்கினார்கள்

ராஜபாளையத்தில் வேதப் பள்ளிக்கூடம் நடத்திய உபதேசியாரை எனக்கு ஆகவே ஆகாது. இன்றைக்கும் ஆகாது. வசனம் மறந்த பிள்ளை, பிந்தி வந்த பிள்ளை, ஞாயிறு ஆராதனைக்கு வராத பிள்ளை, எல்லாருக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: வாசல் சரளையில் முட்டி போடுவது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே மருந்தைக் குடித்து வளர்ந்தவள் நான். ஜெபத்துக்கும் அதே முட்டி, தண்டனைக்கும் அதே முட்டியா என்று ஒருநாள் அவரைக் கேட்டுவிட்டேன். அவர் பள்ளிக்கூடத்தில் நான் பார்த்த டீச்சர் வேலை அன்றோடு போயிற்று.

ஓட்டு, சுயராஜ்யம் என்று கடைவீதியெல்லாம் பேச்சாகக் கிடந்த காலம். நானும் என் வீட்டுக்காரரும் பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கி ஒன்று காலியாகக் கிடக்க, அதில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தோம். உபதேசியாரிடமிருந்து கொஞ்சம் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். சட்டத்தைப் பிள்ளைகளே கூடிப் பேசிக் கை தூக்கி முடிவு செய்ய வேண்டும், நாங்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று வைத்தோம். பிந்தி வருகிறவர்களை என்ன செய்யலாம் என்று முதல் கூட்டத்தில் கேட்டேன். உள்ளுக்குள் பெருமை வேறு.

"முட்டி போடச் சொல்லலாம், டீச்சரம்மா" என்றான் ஒருவன். அத்தனை கைகளும் மேலே போயின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலத்துக்குள் செய்தி உபதேசியார் காதுக்கு எட்டிவிட்டது. வேலை மெனக்கெட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பாத்தியளா, பிள்ளையளே கேக்குது. நான் வளத்த பிள்ளையள்லா."

"நீங்க ஒடிச்ச பிள்ளையள்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சேத்தூர்ப் பாதையில் ஒரு தோட்டத்திலிருந்து நடந்து வருகிற பெண்பிள்ளை ஒருத்தி எங்களிடம் படித்தாள். அம்மாவோடு களையெடுத்துவிட்டு வருவதால் தினமும் பிந்துவாள். மறுநாளும் பிந்தித்தான் வந்தாள். யாரும் சொல்லாமலே போய்ச் சுவரைப் பார்த்து முட்டி போட்டாள். அவளும் நேற்றுக் கை தூக்கியவள்தான்.

"ஏட்டி, தினம் பிந்துறவ நீ. நீ எதுக்குக் கை தூக்குன?"

"முட்டி போட்டாத்தான பொறவு உள்ள விடுவாவ? அதுவும் இல்லன்னா வீட்டுக்குப் போகச் சொல்லிருவாவல்லா."

"இங்க யாரையும் வீட்டுக்குப் போகச் சொல்ல மாட்டோம். எந்திரி" என்றேன்.

"அதுக்கு யாரும் கை தூக்கலியே, டீச்சரம்மா."

பிள்ளைகளைக் கூட்டி, அதற்கும் கை தூக்கி முடிவாகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.