அப்பா சொன்ன பதில்

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊரான பத்தாங் காலியிலிருந்து பஸ் ஏறிப் போய், சிறையிலிருக்கும் அப்பாவை நானும் அம்மாவும் பார்த்தோம். நடுவில் கண்ணாடி, பேச ஒரு போன்.

மாதாமாதம் சிறைக்கு வரும் பாஸ்டர் அப்பாவுக்கு பைபிள் கொடுத்தாராம். அன்றிலிருந்து, அதே அறையிலிருக்கும் காதர் பாயோடு தினமும் வாக்குவாதமாம்.

"இயேசு தேவகுமாரன்னு நான் சொல்வேன். இல்ல லா, நபிதான்னு பாய் சொல்வாரு. இயேசு திரும்பி வருவாருங்கிறதுல மட்டும் ரெண்டு பேருக்கும் சண்டையே இல்லம்மா."

"அவர் வர்றது இருக்கட்டும்ப்பா. நீங்க எப்ப வருவீங்க?"

அப்பா சிரித்தார். பதில் சொல்லத் தொடங்கும்போது நேரம் முடிந்து போன் நின்றுவிட்டது. உதடுகள் மட்டும் அசைந்தன.

உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்கள் எனக்குக் கற்றுக்கொடுங்கள். இரண்டு மூன்று சொற்கள்தான் இருக்கும். நான் உற்றுப் பார்ப்பதற்குள் அந்தப் பக்கத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.