கரித்தடம்

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குத் தகடக்கா என்று பேர். வைத்தவன் அவளுடைய கொழுந்தன். எக்ஸ்ரே மெஷினுக்கு உயரழுத்த மின்சாரம் கொடுக்கும் பெட்டிகள் செய்கிற இடம் அது. பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை எந்தத் தகட்டில் செய்வது என்று முடிவு செய்வது அவள் பொறுப்பு. புதுத் தகடு வந்தால் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். "எங்க அண்ணனையும் இப்படிச் சுரண்டிப் பார்த்துட்டுத்தான் கட்டிக்கிட்டாங்க" என்று சோதனை அறையிலிருந்து கொழுந்தன் குரல் கொடுப்பான். அவனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

உயரழுத்தத்தில் மின்சாரம் கம்பியோடு நிற்காது. ஈரமும் தூசியும் சேர்ந்தால் போர்டின் மேலேயே ஊர்ந்து போகும். போன வழி கருகும். கரியிலும் மின்சாரம் ஓடும் என்பதால் அடுத்த முறை இன்னும் சுலபமாகப் போகும். அதனால் லேசில் கருகாத தகடாகப் பார்த்து எடுக்கவேண்டும். புது மாடலுக்கு அப்படி ஒன்றைத்தான் அவள் கேட்டிருந்தாள். அது வந்து சேர மாதக்கணக்காகும், ஆஸ்பத்திரிகள் காத்திருக்கின்றன என்றார் மேலாளர். வழக்கமான பச்சைத் தகட்டிலேயே செய்து, மின்சாரம் ஊரும் வழியை மறிக்க இடையிடையே பள்ளம் வெட்டி, ஈரம் படாமல் மேலே பூச்சுக் கொடுத்தால் போதாதா என்று கேட்டார். முதலில் முரண்டு பிடித்தாள். பிறகு மாதிரி ஒன்று செய்து ஓட்டிப் பார்த்தாள். அது வெயில் காலம். போர்டு தாக்குப் பிடித்தது. கையெழுத்துப் போட்டாள். யாரும் அவளை மிரட்டவுமில்லை, ஏமாற்றவுமில்லை.

மழைக்காலத்தில் அந்த மாடல் பெட்டி ஒன்று பழுதாகித் திரும்பி வந்தது. கொழுந்தன் அதை மேசையில் வைத்து ஓட்டினான். சற்று நேரத்தில் அது தானாக நின்றது. இணைப்பைப் பிடுங்கினான். பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். அதை வடித்துவிடவே போர்டில் ஒரு பகுதி உண்டு. பெட்டியின் மீட்டர் பூஜ்யம் காட்டியது. கை வைத்தான். சத்தம் கேட்டு ஓடியவர்களில் அவளும் ஒருத்தி. அவன் மூச்சு அதற்குள் அடங்கியிருந்தது.

தரையோடு இணைத்த கோலை வைத்து மிச்சத்தை வடிக்காமல் தொட்டது அவனுடைய அஜாக்கிரதை என்று விசாரணை முடியும் போலிருந்தது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மாமியார், "அவன் சின்ன வயசிலேர்ந்தே அவசரக்குடுக்கை" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஓரகத்தி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவள் பேசவில்லை.

மறுபடி வேலைக்குப் போன அன்று தகடக்கா அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கித் திறந்தாள். பூச்சு ஓரிடத்தில் கொப்புளம் விட்டிருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு கருப்புக் கோடு கிளைவிட்டுப் படர்ந்து, வடிக்கும் பகுதியை எரித்து அறுத்திருந்தது. மீட்டருக்குப் போகும் வழியும் அதோடு அறுந்திருந்தது. உள்ளே எவ்வளவு தேங்கியிருந்தாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டியிருக்கும்.

மேலாளரிடம் காட்டினாள். அவர் கெட்டவரில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கோலை எடுக்காததும் உண்மைதானேம்மா. அதோட விட்டுடுங்க. போர்டுன்னு சொன்னா உங்க கையெழுத்துதான் முன்னால நிக்கும். வீட்டுல எப்படித் தலை நிமிர்வீங்க?"

அந்த அறையில் கோலை எடுத்தவர்கள் யார்? எல்லாரும் மீட்டரை நம்பியே கை வைத்தார்கள். அவளும்தான். போர்டை எடுத்துக்கொண்டு நேரே விசாரணை அதிகாரியிடம் போனாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, அந்த மாடலை எல்லா ஆஸ்பத்திரியிலும் நிறுத்தச் சொன்னாள்.

பிறர் வாயால் போவதற்கு முன் வீட்டிலும் தானே சொன்னாள். ஓரகத்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ அவர் மேல தப்பில்லையா அக்கா?"

"இல்ல."

"உங்க மேலயா?"

"ஆமா."

ஓரகத்தி எழுந்து உள்ளே போனாள். மாமியார் அவள் பக்கம் திரும்பினாள்.

"அவனைத் திட்டியாவது மனசை ஆத்திக்கிட்டிருந்தேன். அதையும் பிடுங்கிட்டியே. இனி நான் யாரைத் திட்டுவேன்? தினமும் உன் கையால சாப்பிடறேனே."

திரும்பி வந்த பெட்டிகளில் இன்னும் சிலவற்றிலும் அதே கருப்புக் கோடு இருந்தது. அவற்றையெல்லாம் சோதித்து முடிக்கும்வரை அவளை வைத்திருந்து, பிறகு அனுப்பிவிட்டார்கள். அவளும் கணவனும் வேறு தெருவில் குடியேறினார்கள். சாமான்களைக் கட்டும்போது கணவன் அவளைக் குறை சொல்லவுமில்லை, தேற்றவுமில்லை. இப்போது கதவு மணி செய்யும் இடத்தில் வேலை செய்கிறாள். தகடு வந்தால் ஓரத்தைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

கணவன் மட்டும் அந்த வீட்டுக்குப் போய்வருகிறான். ஒருமுறை வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: ஓரகத்தி தன் மகளிடம், உங்கப்பா வேலையில ஒரு தப்பும் பண்ணலை என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவள் கேட்டுவிட்டுச் சரி என்றாள். தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்கவில்லை.