பின் அட்டையில் வெட்டிய சதுரம்

பழைய கொமிக்ஸ் தேடுகிறவர்களுக்குக் கல்முனையில் ஒரு சட்டம் உண்டு. அதை நானாகவே கண்டுபிடித்தேன். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் கேட்டுப் பயனில்லை. அங்கே இருந்த புத்தகங்களெல்லாம் சுனாமியோடு போய்விட்டன. மேற்கே, வயல் பக்கம் போக வேண்டும். சம்மாந்துறை, வரிப்பத்தான்சேனை என்று போனால் அலுமாரிக்கு மேலே தூசியோடு கிடக்கும். கல்முனை பஸார்க் கடைக்காரர்களுக்கு விலை தெரியும். நம் முகத்தில் ஆசையைக் கண்டால் இன்னும் ஏற்றிச் சொல்வார்கள். பழைய இரும்பும் போத்தலும் வாங்குகிற கடைகளிலோ எல்லாம் நிறுவைதான். எங்கும் கிடைக்காத இதழும் போன வருடத்துக் கலண்டரும் அந்தத் தராசில் ஒன்று.

அப்போது எனக்குப் பதினைந்து வயதிருக்கும். வாப்பா மருதமுனையில் ஆண்கள் உடுக்கும் கைத்தறிச் சாரம் எடுத்து வயல் ஊர்களில் விற்பவர். லீவு நாட்களில் அவருடைய மோட்டார் சைக்கிளில் சாரக் கட்டுகளோடு நானும் ஒரு கட்டாக ஏறிக்கொள்வேன்.

“பொம்புளப் புள்ள இரும்புக் கடையில என்னத்தத் தேடுறா?” என்று உம்மா கேட்பார்.

“நகைக் கடையில தேடாம உட்டாளே, அல்ஹம்துலில்லாஹ்” என்பார் வாப்பா.

அந்த வருடம் நான் தேடியது ஒரே ஒரு புத்தகத்தை. காணாமல் போன தம்பியைத் தேடிப் பாலைவன நகரமொன்றுக்குப் போகும் அண்ணனின் கதை அது, இரண்டு பாகம். முதல் பாகம் வரிப்பத்தான்சேனையில் கிடைத்தது. அண்ணன் சிறைச்சாலை மதிலை அடைவதோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய், நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் சாப்பிடும்போதும் அந்தத் தம்பி உயிரோடு இருக்கிறானா என்றுதான் யோசித்தேன்.

சம்மாந்துறையில் நாங்கள் வழக்கமாகப் போகும் பழைய சாமான் கடை ஒன்று இருந்தது. அந்தக் கடைக்காரரை மாமா என்பேன். அவர் கடைச் சுவரில் ஒரு வெள்ளைச் சாக்கு உயரத்தில் தொங்கும். அரபு எழுத்துள்ள கடதாசி வடை சுற்றப் போகக் கூடாது, காலில் படக் கூடாது. அதனால் மத்ரஸாப் புத்தகம், நோன்புக் கலண்டர் எல்லாவற்றையும் பிரித்தெடுத்து அந்தச் சாக்கில் போடுவார். நிறைந்ததும், மையித்துகளை அடக்கும் மையவாடி ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்துவிடுவார். எங்கள் ஊர்களில் இது எல்லாரும் செய்வதுதான்.

ஒருநாள் அந்தச் சாக்கின் வாயில் பாலைவன நகரத்தின் மூலையொன்று எட்டிப் பார்த்தது. பழைய டயர் ஒன்றின் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். இரண்டாம் பாகமேதான்.

“மாமா, இது கொமிக்ஸ் புத்தகம். இதுக்குள்ள ஏன் போட்டீங்க?”

“பின் அட்டையப் பாருங்க மகள். ஓதுற எழுத்து இரிக்கி.”

பின் அட்டையில் நகரத்து மதிலும், மதிலின் மேல் ஏதோ சுழிகளும் புள்ளிகளும் இருந்தன. அரபு எழுத்தைக் கண்ணால் காணாத யாரோ வரைந்தது. நான் குர்ஆன் ஓதி முடித்தவள்; வலமிருந்து இடமாக எவ்வளவு முயன்றும் ஒன்றும் வரவில்லை.

“இது எழுத்தே இல்ல மாமா. சும்மா கிறுக்கி வெச்சிரிக்காங்க.”

“இரிக்கலாம் மகள். ஆனா படச்சவன்ட பேரு அதுக்குள்ள எங்கயாவது இரிந்தா நான் என்ன பதில் செல்ற?”

வாப்பாவும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். கடைசியில் மாமாவே ஒரு வழி கண்டார்: எழுத்துள்ள இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புத்தகத்தைத் தருவது. சேகரிப்பவர்கள் யாரும் அட்டை வெட்டுப்பட்ட இதழை மதிக்க மாட்டார்கள். இருந்தாலும் முன் அட்டை முழுசாக இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, “வெட்டுங்க” என்றேன். அவர் கத்தரிக்கோலால் பக்குவமாக ஒரு சதுரம் வெட்டி, அதைக் கண்ணில் ஒற்றிச் சாக்கில் போட்டார். புத்தகத்துக்குக் காசும் வாங்கவில்லை.

அங்கிருந்து போன வீரமுனையில் வாப்பா சாரம் விரித்துக் காட்டிக்கொண்டிருக்க, நான் வேப்ப மர நிழலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்தேன். கடைசிப் பக்கத்தை அந்தப் பின் அட்டையின் உட்புறத்தில்தான் அச்சடித்திருந்தார்கள். அண்ணன் சிறையறைக் கதவில் கை வைக்கிறான். அடுத்த படம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமான ஓட்டை. அதற்குள்ளால் என் பாவாடைதான் தெரிந்தது. ஆத்திரத்தில் அழுதே விட்டேன்.

வெட்டிய துண்டை எடுக்க அன்றைக்கே கடைக்குத் திரும்பிப் போக வாப்பா மறுத்துவிட்டார். மறுநாள் காலையில் போனபோது சாக்கு வெறுமையாகத் தொங்கியது. நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து புதைத்துவிட்டாராம்.

“அதுல என்ன மகள் இரிந்த?” என்று மாமா கேட்டார்.

நான் பொரிந்து தள்ளினேன். அவர் விட்டபாடில்லை, கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். தகரம் நிறுக்க வந்தவரைக் கையசைத்து நிற்க வைத்துவிட்டுக் கேட்டார்.

“கதவத் தொறந்தானா?”

“அதத்தானே நீங்க வெட்டிப் போட்டீங்க.”

அவர் கோபப்படவில்லை. “உள்ளுக்குத் தம்பிதான் மகள் இரிப்பான். இவ்வளவு தூரம் தேடி வந்திரிக்கானே” என்றார். தகரத்தைத் தராசில் ஏற்றியபடியே, “இதே புத்தகம் வேற ஒண்டு ஆம்பிட்டா எனக்கும் காட்டுங்க” என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் வாப்பா சொன்னார். மாமாவின் தம்பி கல்முனைக்குடிக் கடற்கரையில் குடியிருந்தவராம். கடல் வந்த அன்று காணாமல் போனவர். மையித்தும் கிடைக்கவில்லை. மாமா எத்தனையோ ஆஸ்பத்திரியும் முகாமும் ஏறி இறங்கினாராம். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவரை நினைக்கப் பாவமாக இருந்தது.

போன வருடம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் அந்த இரண்டாம் பாகத்தைப் பேஸ்புக்கில் விற்பனைக்குப் போட்டிருந்தார். கேட்ட விலைக்கே வாங்கினேன். தபாலில் வந்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். கதவு திறந்திருக்கிறது. உள்ளே யாருமில்லை. வெறும் தரையில் அண்ணன் தனியாகக் குந்தியிருக்கிறான்.

சென்ற மாதம் சம்மாந்துறைக்குப் போனேன். புத்தகம் என் பைக்குள்தான் இருந்தது. காட்டுவதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். மாமா இப்போது தராசைத் தூக்குவதில்லை, கதிரையில் உட்கார்ந்தபடி இருக்கிறார். என்னைக் கண்டதும் கேட்டார்:

“அந்தப் புத்தகம் ஆம்பிட்டதா மகள்?”

“இன்னும் இல்ல மாமா. தேடிட்டுத்தான் இரிக்கன்.”