நல்லாருக்கறமுங்க

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தாராபுரத்தில் முட்டை வண்டி, திருப்பூரில் பனியன் கம்பெனி, பிறகு லாரியில் கிளீனர் என்று சுற்றிவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் கணபதியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வந்து உட்கார்ந்தேன். எந்த வேலையிலும் கால் தரிக்காது எனக்கு. இங்கே மட்டும் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டேன். படுக்கை மேசைக்கு அடியில். மழை வந்தால் ஷட்டருக்குக் கீழே தண்ணீர் புகும். பாயைச் சுருட்டி ஸ்டூல்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்குவேன். லாரியில் தூங்கியதற்கு அது மேல்.

பூத்தின் முதலாளி கோட்டைமேட்டுக்காரர். எல்லோருக்கும் அவர் பாய்தான். பேசுகிற கண்ணாடிக் கூண்டுக்குள் ஃபேன் ஓடாது. புழுக்கம் தாங்காமல் எல்லோரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுவார்கள், அத்தனையும் எனக்குக் கேட்கும். "கேட்டதைக் கேட்ட இடத்துலயே விட்டுரு தம்பி" என்பார் பாய். ஃபேனைச் சரி செய்துவிட்டால் எனக்கு எதுவும் கேட்காதல்லவா என்றால், "செஞ்சா ஊரே உள்ள போய் உக்காந்துக்கும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூத்தில் அம்மாக்கள் கூட்டம் நிற்கும். நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள். அப்போது எங்கள் பக்கம் அது ஒரு மோகம். மகனோ மகளோ பிளஸ் டூ வந்துவிட்டால் அங்கே கொண்டுபோய் விட்டாக வேண்டும். விடாதவர்களைக் கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் அடுத்த வீதி அக்கா ஒருவர். வீட்டுக்காரர் பம்பு மோட்டார் பட்டறை வைத்திருந்தார். ஒரே மகள். மகள் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லி முடித்திருந்தார். அக்காவின் பேச்சு வாராவாரம் ஒரே மாதிரி இருக்கும்.

"அம்மணி, நல்லாருக்கறயா? சாப்டயா? நல்லாப் படிக்கறயா? செரி கண்ணு, வெச்சர்றேன்."

வைத்துவிட்டு வெளியே வரும்போது முகம் வெளுத்திருக்கும். "என்னமோ நெஞ்சு படபடங்குதுங்க தம்பி. நல்லாருக்கறன்னுதான் சொல்றா. குரல்தான் யாரோ பேசறாப்ல இருக்குது."

ஒரு நாள் மத்தியானம், பூத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். மனசு சரியில்லாதவர்கள் போன் செய்து பேசலாம், பெயர் சொல்ல வேண்டாம் என்று போட்டு ஒரு மெட்ராஸ் நம்பர் இருந்தது.

"ஏனுங்க தம்பி, இது பைத்தியம் புடிச்சவங்களுக்குங்களா?"

"அப்படிப் போடலீங்கக்கா. பேசறதுக்குன்னுதான் போட்டிருக்குது."

"என்ன பேசறது?"

"அவங்க கேப்பாங்களாட்ட இருக்குது."

நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். எதிர்முனையில் யாரோ எடுத்தார்கள். அக்கா நிமிர்ந்து நின்று, சம்பந்தி வீட்டில் பேசுவதுபோல ஆரம்பித்தார்.

"ஏனுங்க, நல்லாருக்கீங்களா? நாங்க கோயமுத்தூருங்க. ம்... நாங்க நல்லாருக்கறமுங்க. ஊட்டுல எல்லாரும் சௌக்கியம். ஒரே பொண்ணுங்க, ஹாஸ்டல்ல இருக்கறா. நல்லாப் படிக்கறாளுங்க. கவலைங்களா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மழைதான் இல்லை. அங்க மழை உண்டுங்களா? அப்படீங்களா. செரிங்க, வெச்சர்றனுங்க."

அவ்வளவுதான். மீட்டர் சீட்டைத் துப்பியது. பாய் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "மெட்ராஸுக்குப் போனைப் போட்டு மழை கேட்ட ஆளை இப்பத்தாம்மா பாக்கறேன்."

அக்கா சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சொம்பைக் கொடுத்தேன்.

"போன்ல அந்தப் பொண்ணு எவ்வளவு பதனமா, பக்குவமாக் கேட்டுச்சு தம்பி. நான் எதுக்கு நல்லாருக்கறம்னு சொன்னேன்?"

"எல்லாரும் அதானுங்கக்கா சொல்லுவாங்க."

எங்கள் பக்கம் 'நல்லாருக்கீங்களா' என்பது கும்பிடு போடுவதைப் போல. யாரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. காலில் கட்டுப் போட்டுப் படுத்திருப்பவன்கூட முதலில் நல்லாருக்கறமுங்க என்று சொல்லிவிட்டுத்தான் காலைக் காட்டுவான். திருப்பூரில் நான் காய்ச்சலில் பஸ் ஸ்டாண்டில் சுருண்டு கிடந்தபோது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்டார். எழுந்து உட்கார்ந்து நல்லாருக்கறனுங்க என்றேன். அவரும் சந்தோஷமாகப் பஸ் ஏறிப் போனார்.

அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அம்மணியும் இதே மாதிரிதான் தம்பி சொல்றா. இப்ப நான் சொன்னனல்ல, இதே ராகத்துல."

சொம்பை வாங்கி வைத்தேன். அவர் எழுந்தார்.

"இன்னொருக்கா அந்த நம்பரப் போடுங்க."

போட்டேன். "இப்பப் பேசுன பொண்ணுங்களா? நாந்தானுங்க, கோயமுத்தூரு. உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்க. நாங்க நல்லா இல்லீங்க..." என்றவர், கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். அந்தப் புழுக்கத்தில், ஃபேன் ஓடாத கூண்டில் கதவைச் சாத்திப் பேசியவர் அவர் ஒருவர்தான். கண்ணாடி வழியாக முதுகு மட்டும் தெரிந்தது. ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. பாய் எழுந்து டீ சொல்லப் போனார்.

வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை. ஆனால் டீயை முழுசாகக் குடித்தார்.

"என்னமோ புத்தி சொல்லுவாங்கன்னு நெனச்சேன். ஒண்ணுமே சொல்லலீங்க தம்பி. கேட்டுட்டே இருந்துச்சு. கடசீல, எங்கிட்டச் சொன்னதை உங்க பொண்ணுகிட்டயும் சொல்லிப் பாருங்களேன்னுச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலையும்வரை காத்திருந்து கடைசி ஆளாக வந்தார். ஹாஸ்டலில் போன் வார்டன் அறையில் இருக்கும், பிள்ளைகள் வார்டனுக்கு எதிரில் நின்றுதான் பேச வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மகள் லைனில் வந்ததும் அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"அம்மணி, எனக்கு இங்க நல்லா இல்லை. தூக்கம் வர மாட்டேங்குது. சோத்துல கை வெச்சா உன்ற நெனப்பு. உங்கப்பன்கிட்டச் சும்மா சும்மா எரிஞ்சு உழுகறேன். உனக்கும் இப்படித்தான் இருக்குதா? பக்கத்துல ஆள் இருந்தா ம்னு மட்டும் சொல்லு."

மீட்டரில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா கண்களை மூடிக்கொண்டு நின்றார்.

"செரி கண்ணு. அழுதுபோடு. யாரு பாத்தா என்ன? பரீச்சைன்னா வாந்தி வருதா? எப்பருந்து? ஏஞ் சாமி, இத்தன நாளா... செரி, செரி. கேக்க மாட்டேன். நான் வாரேன். இன்னைக்கே வாரேன்."

அன்று மத்தியானமே புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறினார்கள். மறுநாள் மகளும் ஒரு தகரப் பெட்டியுமாக மூன்று பேரும் எங்கள் பூத்தைத் தாண்டி நடந்து போனார்கள். பெட்டி அப்பா தலையில் இருந்தது. பக்கத்திலேயே இருக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பட்டறையில் யாரோ குத்தலாகக் கேட்டதற்கு, "மோட்டாரு சூடேறுனா நிறுத்தி வெக்கறமல்ல? புள்ளைய நிறுத்தக்கூடாதுங்களா?" என்று அக்காவின் வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டதாகப் பாய் சொன்னார். டாக்டர் பேச்சு அவர் வாயிலிருந்து போக இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

வீட்டுக்கு வந்த மகள் முதலில் நிறையத் தூங்கினாள் என்றார் அக்கா. பிறகு சாயங்காலங்களில் தோழி ஒருத்தியோடு பேசிச் சிரித்தபடி எங்கள் வாசலைக் கடந்து போவதை நானே பார்த்தேன். இருவரும் கரும்பு தின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்கு அங்கே இருப்புக் கொள்ளாமல் போனது. சத்தியமங்கலம் பக்கம் மூங்கில் லோடுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். கிளம்புவதாகப் பாயிடம் சொல்லிவிட்டேன். அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் அக்கா வந்தார். கையில் பத்திரிகைத் துண்டு இல்லை, நம்பர் மனப்பாடமாகியிருந்தது.

"எதுக்குங்கக்கா, இன்னும் ஏதாச்சும்...?"

"இல்லீங்க தம்பி. அவ்வளவு கேட்ட பொண்ணுகிட்டச் சொல்ல வேண்டாமுங்களா, அம்மணி ஊட்டுக்கு வந்துட்டான்னு? அப்படியே உட்டா மரியாதையா?"

எடுத்தது வேறு ஒருவர். அக்கா சளைக்கவில்லை. மகள் பிறந்ததிலிருந்து தொடங்கி, தகரப் பெட்டிவரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சொல்லி முடித்தார். கடைசியில் வழக்கம்போலக் கேட்டார்.

"நீங்க நல்லாருக்கீங்களா?"

பதில் வந்தது. அக்கா தலையை ஆட்டினார்.

"அது சும்மா சொல்றதுங்க கண்ணு. நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். நெசமாச் சொல்லுங்க."

அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தார். பிறகு எதிர்முனையில் பேச ஆரம்பித்திருக்க வேண்டும். அக்கா கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்குள் அவர் தலை அசைவது மட்டும் தெரிந்தது. பாய் என்னைப் பார்த்தார், நான் மீட்டரைப் பார்த்தேன். டீ சொல்ல இந்த முறை நான் எழுந்து போனேன்.